82 ஆயிரத்துக்கு சாண்ட்ரோ வாங்கினேன், தண்ணி குடிச்ச வண்டிய தலையில கட்டிட்டாங்க

ஒரு லட்சத்துக்கு கீழ கார் தேடிட்டு இருக்கறவங்க இத படிச்சுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க. கடை பேரெல்லாம் வேணாம், ஈரோட்டு சைடுல ஒரு கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விக்கற கடை, அவ்ளோதான்.

அம்மாவுக்கு முட்டி வலி, பைக்ல உக்கார முடியல. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய் வர ஒரு ஓட்ட வண்டி இருந்தா போதும்னு 2024 ஜூலைல தேட ஆரம்பிச்சேன். மொதல்ல மாருதி 800 தான் பாத்தேன், 2014லயே உற்பத்திய நிறுத்திட்டாங்க, ஆனா ரேட்டு கேட்டா ஏதோ நேத்து ஷோரூம்ல இருந்து எறக்கின மாதிரி சொல்றானுங்க. அப்பதான் இந்த கன்சல்டிங்ல ஒரு சாண்ட்ரோ ஜிங், 2009 மாடல், சில்வர் கலரு, டிஎன் 22, சென்னை நம்பர். "லேடி டாக்டர் ஓட்டுன வண்டிங்க தம்பி, வீடு விட்டா கிளினிக்கு, கிளினிக்கு விட்டா வீடு" ன்னார். பழைய கார் தேடி போன எடத்துல எல்லாம் லேடி டாக்டர் வண்டிதான் இருந்துச்சு, அது எப்படின்னு யோசிக்கற புத்தி எனக்கு அப்ப வரல. மீட்டர்ல 61 ஆயிரம் கிலோமீட்டர். புது சீட் கவர், புது மேட், டேஷ்போர்டுல ஒண்ணும் பின்னாடி ஒண்ணுமா ரெண்டு மல்லிகை சென்ட்டு டப்பா. சுத்தமா வச்சிருக்காங்கனு நெனச்சேன் பாருங்க.

நாங்க போறதுக்கு முன்னாடியே இஞ்சின ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தாங்க, பானட்ல கை வச்சா சுடுது. குளுந்து கெடக்கற இஞ்சின நம்ம முன்னாடி ஸ்டார்ட் பண்ண சொல்லணும், அப்பதான் பொகை என்ன கலர்ல வருதுனு தெரியும். நீல பொகைனா ஆயில் எரியுது, வெள்ளை பொகை நிக்காம வந்தா கூலண்ட் உள்ள போகுது. இதெல்லாம் எனக்கு அப்புறம் மெக்கானிக் சொல்லித்தான் தெரியும்.

ஆர்சில நவம்பர் வரைக்கும்தான் வேலிடிட்டி, அதோட 15 வருஷம் முடியுது. போதாததுக்கு ஒரு பேங்க் பேருல எச்பி, அதாவது வண்டி மேல லோன் இருக்குங்கற பதிவு, வேற அப்படியே கெடக்கு. கேட்டதுக்கு "லோன் எப்பவோ முடிஞ்சுதுங்க, ஓனரு துபாய்ல இருக்காரு, வந்ததும் எச்பி கேன்சல், நேம் டிரான்ஸ்பர், எப்சி எல்லாம் ஒரே ஸ்ட்ரோக்ல முடிச்சு குடுத்தர்றோம்" ன்னார். எப்சினா வண்டி ஓட தகுதியா இருக்குனு குடுக்கற சர்டிபிகேட்டு. பேர் மாத்தறதுக்கு ஓனர் கையெழுத்து போட்ட பாரம் 29ம் 30ம் குடுத்தார், வாங்குறவர் எடம் காலி. 82 ஆயிரம் கேஷ். பில்லுனு குடுத்தது ஒரு வெள்ளைத்தாள் டெலிவரி நோட்டு, அதுல கீழ பொடி எழுத்துல "வண்டி உள்ளது உள்ளபடி" ன்னு ஒரு வரி.

மொத மாசம் சென்ட்டு வாசம் இருந்துச்சு. அது தீந்ததும் அம்மா "ஏண்டா சாமி, உள்ள ஈர சாக்கு நாத்தம் அடிக்குது" ன்னாங்க, ஏசி பில்டரா இருக்கும்னு மாத்தினேன், போகல. பேட்டரி மாத்தினேன். ஒரு பக்கம் பவர் விண்டோ போச்சு. அக்டோபர்ல சென்னிமலைக்கு கூட்டிட்டு போறேன், வெள்ளோடு தாண்டறப்ப நல்ல மழை, திடீர்னு ஹாரன் தானா அடிக்க ஆரம்பிச்சுது, கைய எடுத்தாலும் நிக்கல, வைப்பர் பாதில நின்னுருச்சு, அப்புறம் வண்டியே ஆப். நடு ரோட்டுல மழைல ஹாரன் மட்டும் ஊரையே கூட்டுது, பேட்டரி வயர கழட்டற வரைக்கும் அம்மா ரெண்டு காதையும் பொத்திட்டு உக்காந்திருந்தாங்க.

கட்டி இழுத்துட்டு வந்து நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். அவர் பானட்ட கூட தொறக்கல. டிரைவர் சீட் பெல்ட்ட புடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தார், பாதிக்கு மேல பெல்ட்டு கலரே வேற, காப்பி கொட்டின மாதிரி ஒரு கோடு. அப்புறம் மேட்ட தூக்கி கார்ப்பெட்ட கிழிச்சார், அடில காஞ்ச வண்டல், சீட்டு தண்டவாளம் பூரா துரு. டிக்கில ஸ்டெப்னிய எடுத்துட்டு அந்த குழிக்குள்ள கைய விட்டு ஒரு புடி மண்ண அள்ளி என் கைல போட்டார், அதுல ஒரு குட்டி நத்தை ஓடு. "ஏனுங் தம்பி, நத்தை எங்கிருந்துங்க கிளினிக்குக்கு போச்சு?" ன்னார். இஞ்சின் கம்ப்யூட்டர், அதான் ஈசியூ, அதோட கனெக்டர கழட்டினா பின்னு எல்லாம் பச்சை பூத்திருக்கு. வயரிங் மொத்தமா மாத்தணும், 20 ஆயிரம் ஆகும், அப்பவும் கேரண்டி இல்லைன்னுட்டார்.

டேஷ்போர்டுக்குள்ள பழைய இன்சூரன்ஸ் காப்பி ஒண்ணு சிக்குச்சு, அதுல ஓனர் நம்பர். துபாய்க்காரர் எடுப்பாரானு போட்டா, வேளச்சேரில இருந்து பேசறார். நான் வண்டி நம்பர சொன்ன ஒடனே "ஈரோட்டுல சிக்னல் தாண்டினது நீங்கதானா சார்? செலான் எனக்கு வந்திருக்கு" ங்கறார். எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுனு தெரியல. பாவம் நல்ல மனுஷன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ஸ்டியரிங் உசரத்துக்கு தண்ணில ரெண்டு நாள் நின்ன வண்டியாம், வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், கிளைம் வராது, வெள்ளத்துல நின்ன வண்டினு சொல்லியே ஒரு புரோக்கருக்கு 22 ஆயிரத்துக்கு குடுத்திருக்கார். பள்ளிக்கரணைல கார் எல்லாம் மிதந்து போன வீடியோவ அன்னைக்கு நானே பேமிலி குரூப்ல பார்வர்ட் பண்ணேன், அந்த தண்ணில நின்ன வண்டி எட்டு மாசத்துல என் வாசலுக்கே வரும்னு யார் கண்டா.

எனக்கு இருந்தத விட அவருக்குத்தான் பயம் அதிகம். வாங்கினவன் 30 நாளுக்குள்ள பேர் மாத்த அப்ளை பண்ணணும், நான் பண்ணல. ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், ஆக்சிடென்ட் ஆனா நஷ்ட ஈடும் அவர் தலையிலனு 2018லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. நான் யாரையாச்சும் இடிச்சிருந்தா வேளச்சேரில இருக்கற மனுஷனுக்கு சம்மன் போயிருக்கும்.

கன்சல்டிங்காரர்கிட்ட போனேன், அந்த வெள்ளைத்தாள எடுத்து காட்டறார், உள்ளது உள்ளபடியாம். ஸ்டேஷன்ல எழுதி குடுத்தேன், பில்லு எங்கனு கேட்டாங்க. ஆர்டிஓ ஆபீஸ்லதான் ஒருத்தர் சொன்னார், 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி வியாபாரம் பண்றவங்க ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்கணும், வண்டி அவங்க கைக்கு வந்ததும் ஆன்லைன்ல பதிவு பண்ணணும்னு. நீங்க மொதல்ல அந்த சர்டிபிகேட்ட காட்ட சொல்லுங்க, முழிச்சா அப்படியே திரும்பி வந்துருங்க. ஓனர்கிட்ட போன்லயாச்சும் ஒரு வார்த்தை பேசாம காசு குடுக்காதீங்க, எப்படியும் பேர் மாத்த அவர் நம்பருக்குத்தான் ஓடிபி போகும். எப்சி முடியப்போற வண்டினா அந்த செலவயும் சேத்து கணக்கு பாருங்க, 15 வருஷம் தாண்டின காருக்கு ரினீவல் பீஸ் மட்டுமே 2024ல 5,000, டிங்கரிங் பெயின்ட்டு தனி. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸே இந்த சைஸ் இஞ்சினுக்கு அப்ப 3,416, அதுக்கு மேல ஜிஎஸ்டி.

இதுல கூத்து என்னன்னா நவம்பர்ல அதே கன்சல்டிங்காரர் போன் பண்ணி "சரி விடுங்க தம்பி, வண்டிய கொண்டாங்க, 30க்கு எடுத்துக்கறேன், நமக்கு ஆள் இருக்குங்க" ங்கறார். ஆள் இருக்காம். அந்த ஆளுக்கும் லேடி டாக்டர் கதைதான சொல்லுவார். வாய்ல வந்தத திட்டிட்டு வச்சுட்டேன்.

பழைய ஓனர் பேங்க்ல லோன் பாக்கி இல்லைனு என்ஓசி வாங்கி எச்பிய கேன்சல் பண்ணி குடுத்தார், வண்டிய ஸ்கிராப்புக்கு போட்டேன், 23 ஆயிரம். 82ல 23 கழிச்சு, ரிப்பேருக்கு போட்ட 14ஐ கூட்டிக்கோங்க. சேசிஸ் நம்பர் இருக்கற தகட்ட மட்டும் வெட்டி வாங்கி, ஆர்சி கேன்சல் பண்ண அவருக்கு கூரியர்ல அனுப்பிட்டேன்.

அம்மா இப்ப ஆட்டோலதான் ஆஸ்பத்திரிக்கு போறாங்க. மொத நாள் போயிட்டு வந்து "இதுல நாத்தம் அடிக்கலடா சாமி" ன்னாங்க.