திரும்பி வருகிற வழிக்குக் காசு இல்லை: 27 மாத டெலிவரி அனுபவம்

போன வியாழக்கிழமை என் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் கிடந்தது. ஒரு மாதமாகவே ஆயில் குடித்துக்கொண்டிருந்தது, சைலன்சரில் நீலப் புகை. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மேடவாக்கம் மெக்கானிக், "போர் போடணும்ணே, பிஸ்டன் செட் மாத்தணும்" என்றார், அதாவது தேய்ந்துபோன சிலிண்டரைக் குடைந்து சரிசெய்ய வேண்டும். 8,400 ரூபாய். வண்டி எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டார். 27 மாதம் என்றதும் நம்பாமல் மீட்டரை எட்டிப் பார்த்தார். 82,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது எட்டு வருட ஓட்டம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் செய்யாறிலிருந்து போன். பழைய கம்பெனி நண்பனின் தம்பி. "அண்ணே, சாப்பாடு டெலிவரி பண்ணா மாசம் 40,000 வரை வருதாமே, நானும் மெட்ராசுக்கு வந்துடவா?" என்றான். போனில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்காகவும், அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆப்பில் எப்படிச் சேர்வது, ஸ்லாட் எப்படி எடுப்பது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

நேராகக் கணக்குக்கு வருகிறேன். போன மாதம் முழுக்க, காலையில் லாகின் போடும் முன்பும் ராத்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பின்பும் மீட்டரைப் பார்த்துத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். 26 நாள், 268 மணி நேரம். ஆர்டர் காசு, இன்சென்டிவ் (ஒரு நாளுக்கு இத்தனை ஆர்டர் என்ற இலக்கை முடித்தால் வரும் கூடுதல் காசு), டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஆப் காட்டியது 27,340 ரூபாய். பெட்ரோல் சுமார் 7,600 (சென்னையில் அப்போது லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல், என் வண்டி டிராஃபிக்கில் லிட்டருக்கு 42 கிலோமீட்டர் கொடுக்கிறது). டயர், பெல்ட், ஆயில், பிரேக் ஷூ, இன்சூரன்ஸ், இந்த மாதிரி இன்ஜின் வேலை எல்லாவற்றையும் 27 மாதத்துக்குப் பரப்பிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 60 பைசா, மாதம் 1,900. ரீசார்ஜ் 350. கையில் நின்றது 17,490. மணிக்கு 65 ரூபாய்.

இதில் வண்டியின் விலையைச் சேர்க்கவில்லை. 95,000-க்கு எடுத்த வண்டியை இன்று 25,000-க்குக் கேட்கிறார்கள். அந்த இழப்பையும் கிலோமீட்டருக்குப் பிரித்தால் மாதம் இன்னும் 2,700 போகும். அப்போது மணிக்கு 55 ரூபாய்தான். "40,000 வரை" என்பதில் அந்த "வரை"யைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

சரி, குறைவான கூலிதான் என் கோபமா என்றால், அது இல்லை. என் கோபம் ஒரே ஒரு விஷயத்தில். அந்த மாதம் மீட்டர் காட்டிய ஓட்டம் 3,172 கிலோமீட்டர். ஆப் காசு கொடுத்த தூரத்தை ஆர்டர் ஆர்டராகக் கூட்டினேன். 1,930. மிச்சம் 1,242 கிலோமீட்டர் நான் காலி வண்டியை ஓட்டியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டர் விழுகிற இடத்துக்குத் திரும்பி வந்த வழி. பெட்ரோலும் தேய்மானமுமாகச் சேர்த்து 3,700 ரூபாய். மாதா மாதம் என் பையிலிருந்து போகிறது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். மணி பத்தே கால். அன்றைய இன்சென்டிவுக்கு 22 ஆர்டர் வேண்டும், 21 முடித்திருந்தேன். மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு பிரியாணிக் கடையிலிருந்து, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருக்கிற செம்மஞ்சேரிக்கு ஆர்டர் விழுந்தது. 9 கிலோமீட்டர், 62 ரூபாய். மறுத்தால் 180 ரூபாய் இன்சென்டிவ் போய்விடும், எடுத்தேன். அந்த நேரத்தில் செம்மஞ்சேரி பக்கம் கடைகள் அடைத்துவிடுவார்கள், வரும் வழியில் ஒரு ஆர்டரும் கிடையாது. பெரும்பாக்கம் வழியாக இருட்டில் காலியாக 9 கிலோமீட்டர். போக வர 18. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் செலவு வைத்தால் 54. ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலைக்கு அந்த ஆர்டரில் எனக்கு நின்றது 8 ரூபாய். இன்சென்டிவ் வந்தது, அது வேறு. ஆனால் அந்த இன்சென்டிவ் எனக்குப் பரிசு இல்லை. திரும்பி வந்த வழிக்கு வரவேண்டிய கூலியையே ஒரு நிபந்தனை போட்டு, சில நாள் கொடுத்து, பல நாள் கொடுக்காமல் விடுகிறார்கள். 21-இல் நின்ற ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆட்டோக்காரர்களோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். "ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார், காலியா வரணும், மேல போட்டுக் குடுங்க" என்பார்கள். அநியாயம் என்று நினைப்பேன். 2013-இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதற்கப்புறம் பெட்ரோல் எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கேட்ட விதம் தப்பாக இருந்திருக்கலாம், கேட்ட விஷயம் தப்பே இல்லை. அவர்களுக்காவது வாயைத் திறந்து கேட்க எதிரில் ஒரு ஆள் இருந்தார். நான் யாரிடம் கேட்பது? ஹெல்ப் சாட்டில் கேட்டேன். "உங்கள் கட்டணம் சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது" என்று வந்தது.

பயணிகளை ஏற்றும் ஆப் வண்டிகளுக்கு மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும், காலியாக ஓடும் தூரத்தையும் பயணியை ஏற்றப் போகும் தூரத்தையும் ஈடுகட்டத்தான் அது என்று. 2025-இல் வந்த புதிய நெறிமுறைகளிலும் அது தொடர்கிறது. காலி ஓட்டம் என்று ஒன்று உண்டு என அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ரேட் கார்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஹோட்டலுக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் போடுகிறார்கள், அதோடு சரி.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். 27 மாதத்தில் ஒரு வாரம்கூடக் காசு தள்ளிப்போனதில்லை. எஸ்டேட்டில் மூன்று மாதச் சம்பளத்துக்கு அலைந்த எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று. மூன்றரை மணிக்கு ஆஃப் போட்டுவிட்டு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நானே அழைத்து வருகிறேன். அவள் முதல் நான்கு வருடம் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததே இல்லை. இப்போது டெலிவரிப் பையைக் கால் வைக்கும் இடத்தில் இறக்கிவிட்டு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வழியில் ஆளுக்கொரு சமோசா. யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டாம். இதற்கு நான் எந்தக் கணக்கிலும் விலை போட முடியவில்லை.

மழை நாளில் நிறையச் சம்பாதிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு நாள் 1,850 பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் வீல் பேரிங் போனது. நான் சேர்ந்த ஐந்தாவது வாரமே மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். பள்ளிக்கரணைத் தண்ணீரில் நின்ற வண்டியைச் சரிசெய்ய அந்த மாத வருமானத்தில் பாதி போனது.

அந்த டிசம்பரில்தான் தமிழக அரசு ஆப் வழியாக வேலை செய்கிற எங்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. பதிந்துகொள்ளுங்கள், விட வேண்டாம். 2025-26 பட்ஜெட்டில் வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மின்சார வண்டி என்றால் காலி ஓட்டம் இவ்வளவு வலிக்காது. ஆனால் நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், கீழே பிளக் பாயிண்டுக்கு ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆப் கம்பெனிகள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் எங்களைப் போன்றவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். வரட்டும், நல்லது. செம்மஞ்சேரியிலிருந்து காலியாகத் திரும்புகிற வழி மட்டும் இது எதிலும் இல்லை.

செய்யாறு தம்பி அங்கே சிப்காட்டில் ஷூ கம்பெனியில் இருக்கிறான். 14,000 சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், கம்பெனி பஸ் வீட்டுப் பக்கத்திலேயே ஏற்றி இறக்குகிறது. ஊரில் வாடகை இல்லை. நேற்று ராத்திரி அவனுக்கு எழுதினேன்: "வராதே தம்பி. இங்கே ரூம் வாடகை கொடுத்தால் உனக்கு அந்த 14,000-கூட நிற்காது. வேலை போய் வேற வழியில்லாமல் வந்தால் மட்டும் வா. வந்தால் முதல் நாளே மீட்டரை எழுதிவை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓ.எம்.ஆர். பக்கம் இழுக்கிற ஆர்டரை எடுக்காதே."

"அப்போ நீங்க ஏன்ணே இன்னும் ஓட்டுறீங்க?" என்று பதில் போட்டிருக்கிறான். வண்டி நேற்று மாலை வந்துவிட்டது, புகை இல்லை. புது பிஸ்டன் செட்டாகும்வரை 500 கிலோமீட்டருக்கு 40-ஐத் தாண்டாதே என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று மூன்றரைக்கு ஆஃப் போட்டேன்.