யுகே ஈடிஏ செயலி: அம்மாவுக்கும் எனக்கும் வீட்டிலிருந்தே அனுமதி

லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்க அம்மாவுடன் போவதற்காக, விசா தேவைப்படாதவர்கள் பிரிட்டனுக்குப் போகும் முன் வாங்க வேண்டிய மின்னணுப் பயண அனுமதியான ஈடிஏவுக்கு விண்ணப்பித்தேன். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் இது கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

செயலி அருமை. கடப்பிதழின் புகைப்படப் பக்கத்தைப் படம் எடுத்து, அப்புறம் கைப்பேசியை அதன்மேல் வைத்தால் சிப்பைப் படித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உறை இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். முகத்தைப் பதிவு செய்யும் கட்டம்தான் வயதானவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். அம்மா கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்ததும் சரியாக விழுந்தது. வங்கி அறிக்கை, ஹோட்டல் முன்பதிவு எதையும் கேட்கவில்லை என்பது பெரிய நிம்மதி. அன்றைக்கே மின்னஞ்சல் வந்துவிட்டது. இருந்தாலும் மூன்று வேலை நாள் வரை ஆகலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

கட்டணம்தான் உறுத்துகிறது. 10 பவுண்டில் தொடங்கியதை 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். இரண்டு ஆண்டுக்குள் எத்தனை முறையும் போய்வரலாம் என்பதால் எனக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் இடையில் கடப்பிதழைப் புதுப்பித்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

இணையத்தில் தேடும்போது இடைத்தரகர் தளங்களும் வரும். இதே அனுமதிக்குக் கூடுதலாக வசூலிப்பார்கள். பிரிட்டிஷ் அரசின் கவ்.யுகே தளத்துக்கே நேராகப் போய், அங்கிருந்து செயலியை இறக்குங்கள்.