ஃபென்டனா, ஓசோனா? எங்கள் தேர்வைத் தீர்மானித்தது கசடு

உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த பிறகும் நிறம் நீங்காத சாயக் கழிவுநீருக்கு இறுதிக்கட்ட முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, ஃபென்டன் (இரும்பு உப்புடன் ஹைட்ரஜன் பெராக்சைடு), புற ஊதாக் கதிருடன் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன் ஆகிய மூன்றையும் பரிசீலித்தோம். மூன்றுமே சுமார் 2.8 வோல்ட் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கொண்ட, சாய மூலக்கூறுகளைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குபவை என்பதால், எது வலியது என்பதைவிட எதை நாள்தோறும் இயக்க முடியும் என்பதையே நான் முதன்மையாகக் கொண்டேன்.

புற ஊதா முறையை விரைவில் ஒதுக்கினோம். பெராக்சைடு 254 நானோமீட்டர் ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. நிறமேறிய நீரிலோ அந்த ஒளியின் பெரும்பகுதியைச் சாயமே விழுங்கிவிடுகிறது. ஆய்வகக் குடுவைக்கு அப்பால் இம்முறையை நான் இயக்கியதில்லை. தெளிந்த நீருக்கு இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஃபென்டன் முறைக்குத் தொட்டியும் கலக்கியும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் பெராக்சைடும் போதும். சிஓடியும் (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) நன்றாகவே குறைந்தது. ஆனால் நீரின் பிஹெச் அளவை 3க்கு இறக்கி, வினை முடிந்ததும் காரம் சேர்த்து மீண்டும் ஏற்ற வேண்டும். அப்போது இரும்பு முழுவதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடாக வீழ்படிகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் இரும்பு சேர்த்தால், 100 கன மீட்டர் நீருக்கு உலர் எடையிலேயே சுமார் 95 கிலோ கசடு; ஃபில்டர் பிரஸ்ஸில் (துணியிட்ட தட்டுகளுக்கிடையே கசடைப் பிழியும் இயந்திரம்) பிழிந்த பிறகும் அதில் 70 சதவீதம் ஈரம் இருந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். சோதனை ஓட்டத்தின்போது பிரஸ்ஸைத் திறந்தால், கட்டியாக விழ வேண்டிய கசடு கூழ்போலத் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டையும் மரக்கரண்டியால் சுரண்டியெடுக்க வேண்டியிருந்தது. எஞ்சிய பெராக்சைடு சிதைந்து எழுப்பும் குமிழிகள் கசடைப் படியவிடாமல் மிதக்கவைத்ததும் உண்டு. சாயத்தைச் சுமந்திருக்கும் அந்தக் கசடைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் பொறுப்பு ஆலை இயங்கும் காலம்வரை தொடரும் என்பதுதான் என்னை ஃபென்டனிலிருந்து விலக்கியது. (எஞ்சிய பெராக்சைடு ஒவ்வொரு மில்லிகிராமும் சிஓடி அளவீட்டில் ஏறத்தாழ 0.47 மில்லிகிராம் கூட்டிக் காட்டும் என்பதையும் ஒப்பிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.)

ஓசோனைத் தேர்ந்தோம். எங்கள் நீர் இயல்பாகவே காரத்தன்மையுடையது; அந்நிலையில் ஓசோன் சிதைந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தருவதால் அமிலமும் தேவைப்படவில்லை, உப்பும் கூடவில்லை, இரும்புக் கசடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அசோ சாயங்களுக்கு நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உடைவதைப் பார்வைக் குழாயிலேயே காணலாம்: கருஞ்சிவப்பாக நுழையும் நீர் வெளிர்மஞ்சளாக வெளியேறுகிறது. ஆயினும் நிறம் போன அளவுக்குச் சிஓடி குறைவதில்லை. ஆக்சாலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் எஞ்சுவதால், அடுத்து ஓர் உயிரியல் வடிகட்டியை வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு இதிலும் உண்டு. 1 கிலோ ஓசோனுக்கு ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகிறது. உள்ளே செல்லும் வாயு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கரையாமல் வெளியேறும் ஓசோனை அழிக்கும் கருவியும், 0.1 பிபிஎம் அளவிலேயே எச்சரிக்கும் கசிவு உணரியும் கட்டாயம். நீரில் புரோமைடு இருந்தால் தீங்கான புரோமேட் உருவாகும் என்பதால் அதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டுகளாகத்தான் இயக்குகிறோம். ஓசோனை உண்டாக்கும் மின்னிறக்கக் குழாய்களை இதுவரை மாற்ற நேரவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். நீரின் அளவு குறைவாகவும் சிஓடி மிக அதிகமாகவும் இருந்து, தொட்டி தொட்டியாகச் சுத்திகரிக்கும் இடமென்றால், கசடைச் சகித்துக்கொண்டு ஃபென்டனையே பரிந்துரைப்பேன்.