மைக்ரோநீட்லிங் பொதிக்குப் பணம் கட்டும் முன்: தேக்காவில் எனக்கு நேர்ந்தது

சிங்கப்பூரின் தேக்காவிலுள்ள ஓர் அழகு நிலையத்தில் முகப்பருத் தழும்புகளுக்காக மைக்ரோநீட்லிங் செய்துகொண்டேன். தழும்பு குறையவில்லை, இரு கன்னங்களிலும் புதிதாகக் கருமை படர்ந்திருக்கிறது. என் வழக்கு இப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சிகிச்சைமுறையை நான் குறை சொல்லவில்லை. நுண்ணிய ஊசிகளால் தோலில் துளைகள் இட்டு, அந்தக் காயம் ஆறும் போக்கிலேயே தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகும்படி செய்வது அது. குழித் தழும்புகளுக்குப் பயன் தருவதும் உண்மையே. ஆனால் கொலாஜன் உருவாக வாரங்களும் மாதங்களும் ஆகும் என்பதால், அமர்வுகளுக்கு இடையே பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் விடுவார்கள். என்னையோ இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். பல அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பொதியை விரைவில் முடித்து அடுத்ததை விற்கும் அவசரம் அவர்களுடையது. என் தோலுக்கு அந்த அவசரம் இல்லை.

அறிமுகச் சலுகை என்று 68 வெள்ளிக்கு அழைத்தவர்கள், மரப்புக் களிம்பைப் பூசிப் படுக்க வைத்த பிறகே 1,880 வெள்ளிப் பொதியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். “அக்கா, இன்றைக்கே எடுத்தால்தான் இந்த விலை” என்று தலைமாட்டில் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்ல, முகம் மரத்துப்போய்ப் படுத்திருப்பவர் எழுந்து போவது எளிதன்று என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பேச்சுக்கு நேரம் இருந்தது; கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இல்லை. காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் கெலாய்டு தழும்பு வரும் உடல்வாகா, இரத்தத்தை இளக்கும் மருந்து உண்கிறேனா, பருவுக்காக ஐசோடிரெட்டினோயின் எடுத்தேனா என்று எவரும் கேட்கவில்லை. தாடையில் சீழ்ப் பருக்கள் இருந்தன. அவற்றின் மேலேயே ஊசி ஓடியது, கிருமி பரவ அதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. மேலும், மாநிறத் தோலும் கறுத்த தோலும் காயத்திற்குக் கூடுதல் நிறமியைச் சுரந்து பதிலளிக்கும் என்பதால், ஊசியின் ஆழத்தை நமக்கு மிகக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டபோது, “எல்லாருக்கும் ஒரே அளவுதான்” என்றார் பணிப்பெண்.

ஊசிமுனை ஒவ்வொருவருக்கும் புதிதாக, கிருமி நீக்கிய உறையிலிருந்து எடுக்கப்பட வேண்டியது. என் முறை வரும்போது அது கருவியில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. இதைச் சிறு விஷயம் என்று எண்ணுவோர், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமின்றி இயங்கிய ஓர் அழகு நிலையத்தில், சொந்த இரத்தக்கூறுகளுடன் மைக்ரோநீட்லிங் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியிலிருந்து ஒரு சீரத்தையும் தேய்த்தார்கள். மேற்பூச்சுக்கான சீரத்தை ஊசித் துளைகள் வழியே உள்ளே செலுத்தியதால் முகத்தில் கட்டிகள் தோன்றிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

சிவப்பு சில நாள்களில் தணிய வேண்டும். எனக்கு அது கொப்புளமாகிப் பின்னர்க் கருத்தது. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “நச்சு வெளியேறுகிறது” என்று பதில் வந்தது. நச்சை வெளியேற்ற உடலில் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, கன்னம் எதற்கு? அடுத்து, கருமையைப் போக்கவென்று தனி விலையில் ஒரு களிம்பை விற்க முயன்றார்கள். பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு தோல் மருத்துவரிடம் சென்றேன். காயத்திற்குப் பிந்திய நிறமாற்றம் என்றும், வெயில்காப்புக் களிம்பைத் தவறாமல் பூசி வந்தாலும் மங்க மாதங்கள் ஆகும் என்றும் அவர் சொன்னார்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த “பணம் திரும்பத் தரப்படாது” என்ற வரியைக் காட்டினார்கள். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்தில், மீதமுள்ள அமர்வுகளுக்கு ஈடாக ஃபேஷியல் தருகிறோம் என்றார்கள். அதே கைகளிடம் மீண்டும் முகத்தைக் கொடுக்க நான் மறுத்தேன். நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதிட முடியாது, தேவையும் இல்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். இதே நிலையில் இருப்பவர்கள் ரசீதையும், நாள்வாரியாக எடுத்த முகப் படங்களையும், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் உடனே சேமித்து வையுங்கள். எனக்கு அனுப்பிய “நச்சு” செய்தியை அவர்கள் பின்னர் அழித்துவிட்டார்கள். என்னிடம் அதன் படம் இருக்கிறது.