விஸ்டீரியா தராத பூவைத் தந்த பெட்ரியா: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், என் வீட்டில் பதினோரு வருட அனுபவம்

ஜப்பானின் அஷிகாகா பூங்காவில் இருக்கும் விஸ்டீரியா என்ற பூங்கொடியின் பந்தலைப் படத்தில் பார்த்ததும் அந்த ஊதா நிறத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. 2014ல் ஒரு கன்றை வாங்கி வாசல் வளைவில் ஏற்றினேன். நான்கு வருடத்தில் கொடி கூரைத் தகரத்துக்குள் நுழைந்ததே தவிர ஒரு கொத்துகூடப் பூக்கவில்லை.

கவாத்தில் குறை வைக்கவில்லை. குளிர்நாடுகளில் செய்வதுபோல ஜூலையில் நீண்ட தளிர்களை ஐந்தாறு இலைகளோடு நிறுத்தினேன். ஜனவரியில் அதே கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினேன். ஆனால் அது கோடையில் மொட்டுக்கு அடி போட்டு, குளிரில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் பூக்கும் இனம். எங்கள் ஊரில் அதற்கு உறக்கம் ஏது? போதாததற்கு, ஒட்டுக்கன்று என்று சொல்லி விற்றதில் ஒட்டு முடிச்சே இல்லை. விதையில் வளர்ந்த விஸ்டீரியா குளிர்நாட்டிலேயே பூக்க இருபது வருடம்கூட ஆகலாம். வாங்கும்போது தண்டின் அடியைப் பார்க்காதது என் தவறு.

2018ல் அதைத் தோண்டி எடுத்துவிட்டு அதே வளைவில் பெட்ரியா வைத்தேன். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கொடி. நம் வெயில் அதற்குச் சொந்த ஊர் வெயில் மாதிரி. இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், முழுக்கைச் சட்டை போடாமல் வெட்டினால் கையெல்லாம் கீறல். பூவில் இரண்டு ஊதா உண்டு. நடுவில் இருக்கும் அடர்ந்த ஊதாப் பூ சில நாளில் உதிர்ந்துவிடும். அதைத் தாங்கிய வெளிர் ஊதா நட்சத்திரப் புல்லி (பூவின் அடியில் இருக்கும் வெளி இதழ்கள்) மட்டும் வாரக்கணக்கில் நிற்கும். தூரத்துப் பார்வைக்குக் கொடி பூத்தபடியே இருக்கும். கடைசியில் அந்த நட்சத்திரங்கள் காற்றாடிபோலச் சுழன்று விழுவதைப் பார்க்கவே மாலையில் வாசலில் உட்காருவேன்.

முதல் இரண்டு வருடம் இதுவும் பூக்கவில்லை. செம்பனைக்கு வாங்கி மீந்த யூரியாவை அள்ளிப் போட்டிருந்தேன், இலை உள்ளங்கை அகலம் வந்தது. தோட்டத்தில் கங்காணியாக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்படித் தீனி போட்டா அது இலைதாம்மா விடும், பூ எங்க விடும்?" என்றார். யூரியாவை நிறுத்தினேன். இப்போது பழமரத்துக்குப் போடும் 12:12:17 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) நீல உரம் ஒரு பிடி, அதுவும் வெட்டி முடித்த பிறகு மட்டும்.

அடுத்த அடி கத்தியால் விழுந்தது. ஒரு வருடம் பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்த கையோடு கொடியையும் ஒட்ட நறுக்கிவிட்டேன். அந்தப் பிப்ரவரியில் ஒரு பூ இல்லை! மழை மாதங்களில் விட்ட இளங்கிளைகளில்தான் பூ வருகிறது, அதை நானே வெட்டி எறிந்திருந்தேன். இப்போது நட்சத்திரங்கள் உதிர்ந்து முடிந்த பிறகே கத்தரி எடுக்கிறேன். பூத்த கிளையை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுகிறேன். அடியிலிருந்து முளைப்பதை அடியோடு எடுத்துவிடுகிறேன். தடித்த கொடிகளை மட்டும் தொடுவதில்லை. அவற்றை மேலே விடாமல் கம்பியில் படுக்கைவாட்டில் கட்டிவைத்தால் ஒவ்வொரு கணுவும் தளிர்க்கிறது. சில வாரம் மழையில்லாமல் வெயில் காய்ந்தால், அப்போது தண்ணீரையும் குறைத்தால், எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை நன்றாகப் பூக்கிறது.

அரை நாள் நிழல் விழும் இடத்தில் இன்னொன்று வைத்தேன், அது சரிப்படவில்லை. ஒரு முழப் பூங்கொத்து வேண்டும் என்பவர்களுக்கும் இது பத்தாது, என் கொடியில் கொத்து ஒரு சாண்தான்.

போன மாதம் மூன்று கிளைகளில் பதியம் போட்டேன், இரண்டு வேர் விட்டுவிட்டன. ஒன்று பெரியவர் வீட்டு வேலிக்கு. உரத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.