பேண்ட்கேம்ப் ரிவ்யூ: சொந்தப் பாட்டு போடுற பேண்டுக்கு ஒர்த்தா?

நாங்க சென்னையில ஒரு சின்ன பேண்டு, நாங்களே எழுதி நாங்களே ரெக்கார்ட் பண்றோம், சினிமா பக்கம் போகல. எங்க ஈ.பி.ய (நாலஞ்சு பாட்டு இருக்குற சின்ன ஆல்பம்) பேண்ட்கேம்ப்ல போட்டு கொஞ்ச காலமா வித்துட்டு இருக்கோம், நெறைய பசங்க இன்பாக்ஸ்ல வந்து எப்படி இருக்குன்னு கேக்குறதால இங்கயே எழுதிடுறேன்.

பேண்ட்கேம்ப் ஸ்ட்ரீமிங் ஆப் இல்ல, பேண்டுங்க கேக்குறவங்களுக்கு நேரா பாட்டு விக்கிற ஆன்லைன் கடை. விலைய நாமளே வைக்கலாம், இல்ல வாங்குறவங்க இஷ்டத்துக்கே விட்டுடலாம். நாங்க அவங்க இஷ்டத்துக்கே விட்டுட்டோம். ஜெர்மனில இருந்து ஒருத்தர் நாங்க நெனச்சத விட அதிகமாவே போட்டு வாங்கிட்டு, ரெண்டாவது பாட்டுல உறுமி யாரு வாசிச்சதுன்னு மெசேஜ் போட்டிருந்தார். அத உறுமி அண்ணன்கிட்ட படிச்சு காட்டுனேன், இன்னொரு தடவ படிடா தம்பின்னாரு. எத்தனையோ ஸ்டூடியோல வாசிச்ச மனுஷன், ஆனா கிரெடிட்ஸ்ல அவர் பேர் வந்தது இதுல தான் மொதல் தடவ.

பேண்ட்கேம்ப் எடுக்குற கமிஷன் டிஜிட்டலுக்கு 15 சதவீதம், டிஷர்ட், கேசட் மாதிரி பொருளுக்கு 10. பேமெண்ட் சார்ஜ் தனி. 2020 மார்ச்ல கோவிட் நேரத்துல பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவங்க அறிவிக்கிற சில வெள்ளிக்கிழமைல மட்டும் அவங்க பங்க எடுக்க மாட்டாங்க, புது ரிலீஸ் இருந்தா அன்னிக்கு விடுங்க.

ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தொடலன்னா அதுக்கு ராயல்டியே கிடையாது, நம்ம மாதிரி ஆளுங்க பாட்டுல பாதி அங்கயே அடிபட்டுடும். நம்ம நாட்டுல காசு குடுத்து பாட்டு கேக்குறவங்களும் கம்மி, ரெஸ்ஸோ, விங்க்னு ரெண்டு பாட்டு ஆப்புமே 2024ல கடைய சாத்திடுச்சு. எஃப்எம்ல இருந்து கல்யாண கச்சேரி வரைக்கும் எல்லாம் சினிமா பாட்டு தான், அதுல நம்ம பாட்டுக்கு எடம் எங்க இருக்கு? சரி ஹிட் ஆயிட்டா காசு வந்துடுமான்னா அதுவும் இல்ல, 2021ல ஊரே பாடுன "எஞ்சாயி எஞ்சாமி"க்கு ஒரு பைசா கூட கைக்கு வரலன்னு மியூசிக் டைரக்டர் சந்தோஷ் நாராயணனே 2024ல வீடியோ போட்டு சொன்னார். அவ்ளோ பெரிய பாட்டுக்கே அந்த கதி. முன்னாடி நாங்க வச்சிருந்த ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் (நம்ம பாட்ட ஸ்ட்ரீமிங் ஆப்ல ஏத்தி விடுற கம்பெனி), பேர் வேணாம், ஃபேக் ஸ்ட்ரீம்னு சொல்லி எங்க பாட்ட தூக்கிட்டாங்க, என்ன ஆதாரம்னு கேட்டா ஒரே ரெடிமேட் பதில் தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, கடைசி வரைக்கும் ஒரு மனுஷன் பேசல.

இப்ப குறைக்கு வரேன், இது பெரிய குறை. பேண்ட்கேம்ப் நமக்கு காசு அனுப்புறது பேபால்ங்கற ஆன்லைன் பேமெண்ட் சர்வீஸ் வழியா. பேபால் 2021 ஏப்ரல்லயே இந்தியாவுக்குள்ள நடக்குற பேமெண்ட்ட நிறுத்திடுச்சு. யூபிஐயும் கிடையாது. அதனால பெர்லின்காரர் ஈசியா வாங்குற ஆல்பத்த திருநெல்வேலில இருக்குற நம்ம ஆளு வாங்குறது தலைவலி. ஷோ முடிஞ்சதும் காலேஜ் பசங்க வந்து "அண்ணா ஜிபே நம்பர் குடுங்க, ஃபைல வாட்ஸப்ல அனுப்பிடுங்க"ன்னு கேக்குறாங்க, நாங்களும் அப்படித்தான் அனுப்புறோம். அம்பது ரூபா நூறு ரூபா குடுக்க இங்க ஆள் இருக்கு, அத வாங்கிக்க ஒரு ஒழுங்கான கடை தான் இல்ல. யாராவது யூபிஐ வச்சு இதே மாதிரி ஒண்ணு கட்டுனா மொத ஆளா நாங்க வருவோம்.

இன்னொண்ணு, பேண்ட்கேம்ப 2022ல எபிக் கேம்ஸ்ங்கற வீடியோ கேம் கம்பெனி வாங்கி, 2023ல சாங்ட்ரேடர்ங்கற மியூசிக் லைசன்சிங் கம்பெனிக்கு வித்தாங்க, அப்ப ஸ்டாஃப்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு வேலை போச்சு. அதனால இத மட்டும் நம்பி இருக்காதீங்க, மாஸ்டர் ஃபைல் எல்லாம் உங்க ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கட்டும்.

வெளிநாட்டுல கேக்குறவங்க கொஞ்சம் பேர் இருந்தாலும் கண்டிப்பா போடுங்க, 5க்கு 3.5 குடுப்பேன். எம்பி3 ஏத்த முடியாது, வேவ் இல்லன்னா ஃப்ளாக் மாதிரி தரம் குறையாத ஃபைல் ரெடி பண்ணிக்கோங்க. கிரெடிட்ஸ் பாக்ஸ காலியா விட்டுடாதீங்க, வாசிச்ச அத்தன பேர் பேரையும் போடுங்க.