ஓட்டத்தில் கியர் நழுவினால்: முதலில் ஆயிலா, ஸ்கேனரா?

ஆட்டோமேட்டிக் வண்டி ஓடும்போதே கியர் விட்டுப்போகிறது என்று பட்டறையில் போய் நின்றால் இரண்டு பதில் வரும். பழைய மெக்கானிக் "மொதல்ல ஆயிலப் பாப்போம்" என்பார், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பையன் "ஸ்கேன் போடாம எதையும் தொடக்கூடாது சார்" என்பான். ரெண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் வேறு வேறு வண்டிக்கு.

உங்களுடையது ஏஎம்டியா, டார்க் கன்வர்ட்டரா (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் வகை) என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் மாருதி செலேரியோ வந்த பிறகு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆட்டோமேட்டிக் என்று ஓடுவதில் ஏஎம்டி ஏராளம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் போடுகிற வேலையையும் ஆக்சுவேட்டர் என்கிற இயக்கும் கருவி செய்கிறது. அதில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிவிட்டு நழுவல் நிற்கும் என்று காத்திருப்பது வீண்.

அடுத்து மீட்டரைக் கவனியுங்கள். ஓடும்போதே தானாக நியூட்ரல் காட்டினால் ஏஎம்டியில் சந்தேகம் பேட்டரி, வயரிங், கியர் பொசிஷன் சென்சார், ஆக்சுவேட்டர் பிரஷர் மேல் போக வேண்டும். இங்கே ஸ்கேனர்தான் ஜெயிக்கும். கியர் எண் மாறாமல் ரேஸ் மட்டும் ஏறி வண்டி இழுக்கவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். நம் சமவெளியில் இதைக் கண்டுபிடிக்க ஏற்றம் ஏது, ரயில்வே மேம்பாலம்தான். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காய, மீதியில் டிராக்டர் பின்னால் ஊர்ந்துகொண்டே போகிற வண்டிக்கு கிளட்ச் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை.

டார்க் கன்வர்ட்டர் என்றால் என் ஓட்டு பழைய மெக்கானிக்குக்குத்தான். ஆயில் அளவு குறைந்தாலே பிரஷர் விழுந்து உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது, கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் கருகியிருக்கிறது, புது ஆயில் ஊற்றினாலும் தேய்ந்த பிளேட் வளராது. பால் கலந்த மாதிரி ரோஸ் நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்திருக்கும், இல்லை ஐப்பசி கார்த்திகை மழையில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ரோட்டில் நிற்கும் தண்ணீரில் ஆழமாக இறக்கியிருப்பீர்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு, அவற்றில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது கீழே பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும்.

ஆயில் சுத்தமாக, சரியான அளவில் இருந்தால் அப்புறம் ஸ்கேன். மலிவான புளூடூத் கருவி பல நேரம் பி0700 என்கிற கோளாறு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கோளாறு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், என்ன கோளாறு என்பதை அந்தக் கம்ப்யூட்டரையே படிக்கிற கருவிதான் சொல்லும். பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது நிஜமாகவே வழுக்குகிறது. பி0715, பி0720 என்றால் ஸ்பீடு சென்சார் பக்கம் பாருங்கள், கியர்பாக்ஸைப் பிரிக்காமலே வேலை முடியலாம். இதையெல்லாம் பார்க்காமல் "இறக்கிப் பாத்துடலாம்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வழியில் நின்றுவிட்டால் டார்க் கன்வர்ட்டர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே பம்ப் சுற்றாது, ஆயில் போகாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் மிச்சமிருப்பதும் தேயும். இழுவைச் சக்கரங்கள் தரையில் படாமல் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.